டீசல் என்ஜினில் எண்ணெய் பாய்ச்சும் முறை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் தண்ணீர் தவறிப்போனால், அதன் பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் பதர் நெல்லாவதில்லை. வாய்க்கால் நீரை மட்டும் நம்பியிராமல், கிணற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும் இறைத்துப் பயிர் செய்கிறவர்களுக்கு இந்த அபாயம் பெரும்பாலும் என்ஜின் நின்றுபோவதனாலேயே நேரிடுகிறது. மின்சாரப் பம்புகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், மின்கம்பி எட்டாத வயல்களில் டீசல் என்ஜினே கைகொடுத்து வருகிறது. உழுகின்ற டிராக்டரும், அறுக்கின்ற யந்திரமும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் லாரியும் பெரும்பாலும் டீசலைக் கொண்டே ஓடுகின்றன.

என்ஜின் நின்றவுடன் ஜனங்கள் பெரிய உறுப்புகளின் மீதே சந்தேகங் கொள்வது வழக்கம். ஆனால் குற்றம் பல சமயங்களில் அங்கே இருப்பதில்லை. எண்ணெய்த் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே, உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரண்டு சிறிய உறுப்புகள் இருக்கின்றன. என்ஜினின் ஜீவநாடி அவையே. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அறிந்த விவசாயி, அவற்றைக் காப்பதற்கு வேண்டியது பெரும் பணமன்று, சுத்தமே என்பதையும் அறிந்துகொள்வார்.

தீப்பொறி இல்லாமல் எரிவது எவ்வாறு?

சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். காற்றைத் திடீரென்று நெருக்கினால் அது சூடேறும். டீசல் என்ஜினின் ரகசியம் முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் எண்ணெயின் ஆவியும் காற்றும் முன்னதாகவே கலந்து உள்ளே சென்று, மின்சாரப் பொறியினால் தீப்பற்றுகின்றன. டீசல் என்ஜினிலோ முதலில் உட்செல்வது காற்று மட்டுமே. பிஸ்டன் மேலேறும்போது அக்காற்று பதினாறில் ஒரு பங்கு, சில என்ஜின்களில் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்பட்டு, 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உஷ்ணமடைகிறது. டீசல் எண்ணெய் தானாகத் தீப்பற்றுவதற்கு அதில் ஏறக்குறையப் பாதி உஷ்ணமே போதும். அந்தக் கொதிக்கும் காற்றினுள் எண்ணெயைப் பனித்துளியினும் நுண்ணிய தூவலாகப் பாய்ச்சினால், அது உடனே பற்றியெரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்காரியம் செய்வதற்கு எளிதன்று. ஏனெனில், நெருக்கப்பட்ட காற்று எதிர்த்து நிற்கிறது. அதனை வென்று எண்ணெய் உட்புகவேண்டும். புகுந்தபின் தாரையாக ஒழுகாமல் துகள்துகளாகச் சிதறவேண்டும். அதுவும் உரிய கணத்தில், உரிய அளவில், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நடக்கவேண்டும். முறைப்பாசனத்தில் நீர்க்கட்டி ஒவ்வொரு வயலுக்கும் உரிய நேரத்தில் மடையைத் திறந்து, உரிய அளவு பாய்ந்ததும் அடைத்துவிடுவதைப் போன்றது இவ்வேலை. திறப்பதில் தாமதமானாலும் கேடு. அடைப்பதில் தாமதமானாலும் கேடு.

இம்முறை பிறந்த வரலாறு

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய இஞ்சினீயர் இந்த என்ஜினுக்கான பேடண்டு உரிமையை 1892-இல் கோரி 1893-இல் பெற்றார். ஆக்ஸ்பர்க் நகரத்து யந்திரசாலையில் பல தோல்விகளுக்குப் பின்னர் அமைந்த என்ஜினை 1897-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்துப் பார்த்தார். எண்ணெயில் அடங்கிய உஷ்ணத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது கண்டறியப்பட்டது. அக்காலத்துச் சாதாரண நீராவி யந்திரங்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஆயினும் அவ்வென்ஜினில் ஒரு பெருங்குறை இருந்தது. எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளுவதற்கு மிகவும் அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. அதற்கெனத் தனிக் காற்றழுத்தும் யந்திரம் ஒன்றைக் கூடவே வைத்து ஓட்டவேண்டியிருந்தது. ஆகவே கப்பலுக்கும் பெரிய தொழிற்சாலைக்கும் பொருந்திய அந்த என்ஜின், சிறு விவசாயியின் கிணற்றடிக்கு வரமுடியவில்லை. காற்றின் உதவியின்றி எண்ணெயையே நேராக அழுத்திப் பாய்ச்சும் முறைக்கு இங்கிலாந்தில் விக்கர்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் மக்கெக்னி 1910-இல் பேடண்டு பெற்றார். டீசல் அவர்களோ 1913-இல் கப்பலில் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் காணாமற்போய்க் கடலில் மாண்டார். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் 1922-இல் எண்ணெய்ப் பம்பு செய்யும் முயற்சியை மேற்கொண்டு, 1927-இல் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினார். டீசல் என்ஜின் லாரியிலும் டிராக்டரிலும் ஏறியதற்கும், வயல்வரப்புக்கு வந்து சேர்ந்ததற்கும் இச்சிறு பம்பே முக்கிய காரணமாகும். இந்தியாவில் இவ்வுறுப்புகளைச் செய்வதற்கென 1951-இல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி நிறுவப்பட்டது.

எண்ணெய் செல்லும் வழி

தொட்டியிலிருந்து எண்ணெய் முதலில் பில்டர் என்னும் வடிகட்டியை அடைகிறது. அங்கே தூசும் துருவும் தங்கிவிட, தெளிந்த எண்ணெய் பம்புக்குச் செல்கிறது. பம்பில் அழுத்தம் பெற்று, தடித்த சுவரும் நுண்ணிய துவாரமும் உடைய உருக்குக் குழாய் வழியாக நாசிலை அடைகிறது. நாசில் அதனைச் சிலிண்டருக்குள் தூவுகிறது. மிஞ்சிக் கசியும் சிறிதளவு எண்ணெய் வேறொரு மெல்லிய குழாய் வழியாகத் திரும்பிவிடுகிறது.

பம்பு

பம்பினுள் பாரல் என்ற குழலும், அதனுள் ஏறியிறங்கும் பிளஞ்சர் என்ற தண்டும் இருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்து மெக்கானிக்குகள் எலிமெண்ட் என்பர். இவற்றுக்கிடையே தோலோ ரப்பரோ வைத்து அடைக்கப்படுவதில்லை. உலோகத்தோடு உலோகம் அவ்வளவு நெருக்கமாக இழைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் இரண்டு அல்லது மூன்று பங்கேயாகும். மனிதனுடைய தலைமயிர் ஏறக்குறைய 70 பங்கு பருமனுள்ளது. ஆகவே மயிரிழையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் இத்தண்டு இயங்குகிறது. ஒவ்வொரு தண்டும் அதனதன் குழலோடு ஜோடியாக இழைக்கப்படுவதால், ஒரு ஜோடியின் தண்டை மற்றொரு ஜோடியின் குழலில் இடுவது கூடாது.

என்ஜினிலுள்ள காம் என்னும் புடைப்புச் சக்கரம் தண்டை மேலே தள்ளுகிறது. தண்டின் தலை, குழலின் பக்கத்திலுள்ள துவாரத்தைக் கடந்து மூடியவுடன் உள்ளே அகப்பட்ட எண்ணெய்க்கு வேறு போக்கிடமின்றி அழுத்தம் ஏறுகிறது. தண்டின் உடலில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. தண்டு மேலும் உயரும்போது அப்பள்ளம் துவாரத்தோடு பொருந்த, எண்ணெய் பின்வாங்கி அழுத்தம் உடனே இறங்கிவிடுகிறது. தண்டைச் சற்றே திருப்பினால் சாய்வுப் பள்ளம் முன்னதாகவோ பின்னதாகவோ துவாரத்தை எட்டும். செல்லும் எண்ணெயின் அளவும் அதற்கேற்பக் குறையும் அல்லது கூடும். இவ்வாறு திருப்புகிற வேலையைக் கவர்னர் செய்கிறது. பம்பில் நீர் பாரம் ஏறி வேகம் குறைந்தால் எண்ணெயைக் கூட்டியும், பாரம் நீங்கி வேகம் மிகுந்தால் குறைத்தும் என்ஜினை ஒரே வேகத்தில் ஓடச் செய்கிறது.

பம்பின் தலையில் ஒரு சிறிய வால்வு உண்டு. ஒவ்வொரு முறையும் பாய்ச்சல் முடிந்தவுடன் அது குழாயிலுள்ள அழுத்தத்தைச் சற்றுப் பின்னிழுத்து, நாசிலின் நுனியில் எண்ணெய் சொட்டாமல் தடுக்கிறது.

நாசில்

நாசிலினுள் ஓர் ஊசி வலிய ஸ்பிரிங்கினால் கீழே அழுத்தப்பட்டு, துவாரங்களை மூடிக்கொண்டிருக்கிறது. இறைவை என்ஜின்கள் பலவற்றில், எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் ஆனவுடன் ஊசி மேலெழுகிறது. மாந்தன் ஒருவனுடைய விரல்நுனி அளவான இடத்தில் இரண்டு நெல் மூட்டைகளுக்கு மேற்பட்ட பாரத்தை வைத்ததற்கு அது சமானமாகும். உடனே எண்ணெய், மில்லிமீட்டரில் கால் பங்கு அகலமே உள்ள சில துவாரங்கள் வழியாகப் புகைபோல் சீறிப் பாய்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஊசி அமர்ந்து வழியை அடைக்கிறது.

இவ்வேலை எத்தனை முறை நடக்கிறது என்பதைக் கணக்கிட்டால் வியப்புண்டாகும். நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும் 5 குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறையாக நிமிஷத்துக்கு 750 முறை எண்ணெய் பாய்ச்சப்படுகிறது. எட்டு மணி நேரம் இறைத்தால் 3,60,000 முறை ஆகிறது. ஒவ்வொரு முறையும் செல்லும் எண்ணெய், முழுப் பாரத்திலும் ஒரு சொட்டில் பாதியளவே. அது பாயும் நேரம் ஒரு வினாடியில் நானூறில் ஒரு பங்கு மாத்திரமே. இவ்வளவு நுட்பமான ஊசியின் கீழ் ஒரு மணல் துகள் அகப்பட்டால் என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எண்ணெயின் சத்துருக்கள் நால்வர்

முதலாவது சத்துரு தூசு. வடிகட்டிக்குத் தப்பிச் சென்ற தூசு, தண்டையும் குழலையும் கீறிவிடும். கீறல் வழியே எண்ணெய் பின்வாங்குவதால் அழுத்தம் போதாமற்போகும். அத்தகைய என்ஜின் காலையில் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் பாரம் இழுக்காது.

இரண்டாவது சத்துரு தண்ணீர். டீசல் எண்ணெய் எரிபொருளாக இருப்பதுடன், பம்புக்கும் நாசிலுக்கும் மசகு எண்ணெயாகவும் இருந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. தண்ணீருக்கு அக்குணமில்லை. ஓரிரவு தங்கினாலும் அது இழைத்த உருக்கின்மேல் துருவை உண்டாக்கிவிடும்.

மூன்றாவது சத்துரு கலப்படம். மலிவாகக் கிடைக்கிறதென்று மண்ணெண்ணெய் கலந்த டீசலை வாங்குவோர், மண்ணெண்ணெயில் வழவழப்புக் குறைவு என்பதை மறந்துவிடுகிறார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து, எலிமெண்டையும் நாசிலையும் பறிகொடுப்பது சிக்கனமாகாது.

நான்காவது சத்துரு காற்று. எண்ணெயை அழுத்தினால் அது ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை. ஆகையால்தான் பம்பின் தள்ளுதல் அப்படியே நாசிலுக்குச் சென்று சேர்கிறது. இடையில் காற்றுக்குமிழி புகுந்தால், தண்டு தள்ளும்போது குமிழி சுருங்கிக் கொடுக்கும், அழுத்தம் ஏறாது, என்ஜின் நின்றுவிடும். தொட்டியை வற்றவிட்டு ஓட்டுவதாலேயே இது பெரும்பாலும் நேரிடுகிறது. மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்று கூறும் வேலை, பில்டரிலும் பம்பிலும் உள்ள திருகுகளைச் சற்றே தளர்த்தி, நுரை நீங்கித் தெளிந்த எண்ணெய் வரும்வரை ஒழுகவிட்டு மீண்டும் இறுக்குவதேயாகும். தொட்டியில் எப்பொழுதும் நாலில் ஒரு பங்கு எண்ணெய் குறையாமல் வைத்திருந்தால் இத்தொல்லை வருவதற்கு இடமில்லை.

செய்யவேண்டியவை

எண்ணெய்ப் பீப்பாயை வெயிலும் மழையும் படாத இடத்தில், மரக்கட்டையின் மேல் சற்றே சாய்த்து வைக்கவேண்டும். கொண்டுவந்தவுடன் எடுக்காமல் ஒரு நாளாவது அசையாமல் விட்டால் நீரும் கசடும் அடியில் தங்கும். எண்ணெய் எடுக்கும் குழாய் அடிமட்டத்தைத் தொடலாகாது. துத்தநாகம் பூசிய வாளியிலோ பீப்பாயிலோ டீசலைச் சேமித்து வைத்தல் தகாது. துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து கசடு உண்டாக்கும். ஊற்றும் புனலுக்கு நுண்ணிய கம்பிவலை இருக்கவேண்டும். புனலையும் அளவுப் பாத்திரத்தையும் மூடி வைக்கவேண்டும். நூல் உதிரும் கந்தையினால் எண்ணெய் உறுப்புகளைத் துடைத்தலாகாது. மாலையில் வேலை முடிந்தவுடன் தொட்டியை நிரப்பிவிட்டால், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிவது குறையும். தொட்டியின் அடித்திருகை அவ்வப்போது திறந்து கசடு வெளியேற்றுவதும், என்ஜின் புத்தகத்தில் கண்ட மணிக்கணக்குப்படி பில்டரை மாற்றுவதும் அவசியம்.

புகையைப் பார்த்து நோயறிதல்

நாடி பிடித்து நோயறியும் வைத்தியரைப் போல, விவசாயி புகையைக் கொண்டு என்ஜினின் நிலையை ஓரளவு அறியலாம். கரும்புகை வந்தால், எண்ணெய் முழுதும் எரியவில்லை என்று பொருள். நாசில் சொட்டுவதோ, பாரம் மிகுந்திருப்பதோ, காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதோ காரணமாகலாம். சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில், எண்ணெய் எரியாமல் ஆவியாகப் போகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது காற்றின் நெருக்கம் போதவில்லை என்று கொள்ளலாம். நீலப்புகையோ பெரும்பாலும் மசகு எண்ணெய் எரிவதன் அடையாளம். அதற்காக நாசிலைக் கழற்றுவது வீண்.

குற்றம் நாசிலில் என்று தோன்றினால், அதனை அழுத்தமானி பொருத்திய சோதனைக் கருவி உள்ள தொழிற்சாலைக்கு அனுப்புவதே உசிதம். குண்டூசியால் துவாரத்தைக் குத்துவதும், உப்புத்தாளால் ஊசியைத் தேய்ப்பதும் நோயை அதிகமாக்கும் வைத்தியங்களாகும்.

உயிருக்கு அபாயம்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை ஒவ்வோர் அங்கத்தினரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். நாசில் தூவுகிறதா என்று பார்ப்பதற்காகக் கையை அதன் எதிரே நீட்டக்கூடாது. கசியும் அழுத்தக் குழாயை விரலால் தடவிப் பார்க்கக்கூடாது. அந்தத் தாரை தோலைத் துளைத்துத் தசைக்குள் எண்ணெயைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தினாற்போன்ற சிறு புள்ளியே தெரியும். ஆரம்பத்தில் வலியும் அதிகமிராது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையோ கையையோ இழக்கும்படி நேரலாம். ஆகவே காயம் சிறிதென்று எண்ணி வீட்டு மருந்து தடவிக்கொண்டிராமல், அப்பொழுதே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று, எண்ணெய் பாய்ந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

புதிய யந்திரங்களில் இவ்வபாயம் பன்மடங்காகிறது. காமன் ரெயில் என்ற முறை 1995-இல் ஜப்பானிய லாரிகளிலும், 1997-இல் ஐரோப்பியக் கார்களிலும் விற்பனைக்கு வந்து, பின்னர் டிராக்டர்களிலும் பரவியது. இதில் ஒரே பொதுக்குழாயில் எண்ணெய் எப்பொழுதும் பேரழுத்தத்தில் நிறைந்திருக்கும்; மின்சாரக் கட்டளையினால் ஒவ்வொரு நாசிலும் திறந்து மூடும். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,500 கிலோகிராமுக்கு மேலும் செல்வதுண்டு. இதனால் எண்ணெய் நன்கு எரிந்து, புகையும் ஓசையும் குறைகின்றன. ஆனால் பழைய என்ஜினில் ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்திச் சோதிக்கும் வழக்கத்தை இதில் கையாண்டால் பெரும் விபத்து நேரிடும். இம்முறையிலுள்ள உறுப்புகள் தூசையும் தண்ணீரையும் முன்னையவற்றினும் குறைவாகவே பொறுக்கும்.

சங்கத்தின் கடமை

என்ஜினைத் தனியே வாங்க இயலாதவர்கள் சங்கத்தின் மூலம் கூட்டாக வாங்கி முறைவைத்து ஓட்டுவது நன்மையே. ஆயினும் பொதுவாக உள்ள பொருளுக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லாமற்போவது உலக இயல்பு. திங்கட்கிழமை ஓட்டியவர் தொட்டியை வற்றவிட்டுச் செல்ல, செவ்வாய்க்கிழமை முறையுள்ளவர் கிளம்பாத என்ஜினோடு மல்லாடி, அவருடைய பயிர் வாடும். ஆகையால் சங்கம் தகுந்த ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, எண்ணெய் ஊற்றும் அதிகாரத்தை அவரிடமே விடவேண்டும். ஓடிய மணி, ஊற்றிய எண்ணெய், பில்டர் மாற்றிய தேதி, நாசில் சோதித்த தேதி ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். மணிக்கு ஆகும் எண்ணெய் படிப்படியாக ஏறிவருவதை அப்புத்தகமே முதலில் காட்டிக்கொடுக்கும். இறைவைக் காலம் தொடங்குமுன் நாசிலைச் சோதித்து, மாற்று நாசில் ஒன்றும் பில்டர் இரண்டும் சங்கத்தின் அலமாரியில் இருக்கச் செய்தால், பயிர் வாடும் வேளையில் பட்டணத்துக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேராது.

பீப்பாயை மூடுவதும், புனலைத் துடைப்பதும், பில்டரை மாற்றுவதும் அற்பமான வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் அரைச் சொட்டு எண்ணெய், வினாடியில் நானூறில் ஒரு பங்கு நேரத்தில், தவறாமல் உட்செல்வதையே வயலுக்கு வரும் நீர் சார்ந்திருக்கிறது. அந்த அரைச் சொட்டைச் சுத்தமாகக் கொடுக்கும் சங்கத்தின் வயலில் தண்ணீர் தவறுவதற்கு ஒரு காரணம் குறைந்துவிடும்.